மானியம் கேட்டு வருகிறவர்கள்

மானிய விண்ணப்பம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் சர்வே எண், பரப்பு, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். இந்த மனிதர் எதற்காக இதைக் கேட்கிறார் என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் இராது. கடலூர் மாவட்டத்தில் அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டத்தின் களப்பணியாளனாக முதலில் பண்ருட்டிப் பக்கமும் பிறகு குமராட்சிப் பக்கமும் வேலை பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. கேட்ட காரணம் தெரிந்துவிட்டால், கொடுத்த பொருள் அந்த நிலத்தில் நிலைக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

"சும்மா கெடைக்குதுன்னுதான் வர்றாங்க" என்று அலுவலகத்தில் பேசுவார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஏக்கர் வரை உள்ள குறு விவசாயிக்கும் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயிக்கும் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அந்தத் தொகை குழாய் பதிக்கும் நிறுவனத்துக்குப் போகும். விவசாயிக்குக் கிடைப்பது குழாயும் அதைக் காப்பாற்றும் பாடும். வடிகட்டியைக் கழுவ வேண்டும், உப்பு அடைத்தால் அமிலம் விட வேண்டும், அணில் கடித்த இடங்களைத் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும். சும்மா கிடைத்ததற்காக எவரும் இத்தனை பாடுபட மாட்டார்.

காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது அவருடைய முந்திரிக் கொல்லை மொத்தமும் சாய்ந்தது. அவர் தாத்தா காலத்துப் பலா மரங்களும் அதோடு போயின. அந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு முந்திரிதான் பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம். ஒரே காலையில் அத்தனையும் போனதைப் பற்றி இன்றும் அவர்கள் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும், நிறைந்த மகசூலுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். பலாக் கொட்டை போட்டு வளர்த்தால் அதைவிடக் காத்திருக்க வேண்டும். மகன்கள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்க, இந்த வயதில் எதற்குச் சொட்டுநீர் என்று கேட்டேன்.

"மரம் நிக்கிற வரைக்கும் அது கொல்ல, தம்பி. வெறுந்தரையா கெடந்தா மனை போடுறவன் கயிறு புடிச்சிக்கிட்டு வந்து நிப்பான். பசங்களும் சரின்னுடுவானுங்க."

லாபமா நட்டமா என்று எழுதும் எங்கள் படிவத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் மிக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட சொட்டுநீர் அமைப்பு அவருடையதுதான். நிலத்தை விற்கவிடாமல் வைத்திருப்பதும் ஒரு மகசூல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே ஒன்றியத்தில் ஒரு அம்மா, பயிருக்கு மருந்தடிக்கும் பேட்டரி விசைத்தெளிப்பானுக்குப் பாதி மானியம் கேட்டு வந்தார். கணவர் காலமாகிவிட்டார். நிலம் மாமனார் பெயரில் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. வாரிசுச் சான்று, உட்பிரிவு, பட்டா மாறுதல் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தார். அலைந்த கூலி நாட்களைக் கூட்டினால் மானியத்தையே மிஞ்சும். "இவ்ளோ சின்ன பொருளுக்கு இவ்ளோ அலைச்சலாம்மா?" என்றபோது அவர் சொன்னது: "தெளிப்பான் வாடகைக்கே கெடைக்கும் சார். எம்பேர்ல சிட்டா வந்தாத்தான் சொசைட்டியில எனக்குப் பயிர்க்கடன் குடுப்பாங்க. வெதைக்கு, உரத்துக்குன்னு ஒவ்வொரு தடவையும் கொழுந்தனாரு வாசல்ல போயி நிக்க முடியல."

மானியம் அவருக்கு ஒரு சாக்கு. அவர் கேட்டு வந்தது பெயர். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று 1989லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இன்றும் நடவு, களையெடுப்பு, மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்வது எல்லாம் பெண்கள் கையில்தான்; என்னிடம் வரும் சிட்டாக்களில் பெண் பெயர் அபூர்வம். அந்த அம்மாவுக்குத் தனிப்பட்டா கிடைத்தது, கடனும் கிடைத்தது. தெளிப்பான் அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, ஊரில் ஒரு தொழில் இருக்கிறது என்று பெண் வீட்டாரிடம் காட்டுவதற்காகக் காய்கறிப் பந்தல் போட வந்த இளைஞர்களும் உண்டு. அதில் தவறேதுமில்லை. பந்தல் நிற்கிறது, புடலையும் பாகலும் சந்தைக்குப் போகின்றன.

பதிக்காமலே சுருட்டி மோட்டார் கொட்டகை மேல் போட்ட குழாய்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருவரைத் திட்டிவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார்கள். போய்ப் பேசினால், அவருடைய போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போயிருந்தது. அவருக்கு வேண்டியது ஆழப்படுத்த உதவி. அந்தச் சமயத்தில் இருந்த திட்டம் சொட்டுநீர், காகிதத்தை எல்லாம் விற்பனை முகவரே தயார் செய்துவிட்டார். தண்ணீரே இல்லாத போர்வெல்லுக்குக் குழாய் பதித்து என்ன ஆகப்போகிறது?

குமராட்சிக்கு வந்த பிறகு கேள்வியே மாறியது. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. சம்பா நெல், அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளிக்கும் உளுந்து. உழுகிறவர்களில் எத்தனையோ பேர் கோயில் நிலத்திலும் வெளியூர்க்காரர் நிலத்திலும் குத்தகைக்காரர்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம், 2019 பிப்ரவரி 1 அன்று பட்டாவில் பெயர் இருந்தவரைத்தான் விவசாயி என்கிறது. பணம் சென்னையில் இருக்கும் பட்டாதாரர் கணக்குக்குப் போக, மழையில் வரப்பு கட்டியவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969லேயே சட்டம் இருக்கிறது. பதிந்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறகு வெளியேற்ற முடியாது என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். வற்புறுத்தினால் நிலமே கைமாறிப் போகும் என்று குத்தகைக்காரர்கள் பயப்படுகிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை.

எங்கள் பயிற்சிக் கூட்டத்தில் அப்படி ஒருவர், நாலாம் தலைமுறையாக அதே வயலை உழுகிறவர், எழுந்து கேட்டார்: "எனக்குன்னு எதுனா இருக்குதா சார்?" பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம், அடங்கலில் பயிர் செய்பவராக அவர் பெயர் ஏறினால் போதும். அவரை வி.ஏ.ஓ.விடம் அழைத்துப் போய்ப் பேசி, காப்பீட்டுக் கெடுவுக்குள் சான்று வாங்கினோம். பவர் டில்லர் மானியத்துக்கும் அவர் கேட்டார். எதற்கென்று விசாரித்து, அவர் சொன்னதை அப்படியே எழுதி, பட்டா இல்லாத அந்த மனுவை மேலே அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.