கல்லும் வெயிலும் கேட்கும் ஓரிகானோ

தோட்டத்துக்கு வருகிறவர்கள் என் அலங்கார ஓரிகானோவின் பெயரைக் கேட்டதும் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன, வாசமே காணோம்?" என்கிறார்கள். சமையலுக்குப் போடும் ஓரிகானோவும் இதுவும் ஒரே பேரினம், துளசிக் குடும்பம், ஆனால் இதை வளர்ப்பது கண்ணுக்காக. (கற்பூரவல்லியையும் சிலர் ஓரிகானோ என்கிறார்கள். அதுவும் அதே குடும்பம்தான், பேரினம் வேறு.)

என்னிடம் இருப்பது கென்ட் பியூட்டி என்ற வகை. ரொட்டுண்டிஃபோலியம், ஸ்காப்ரம் என்று இரண்டு ஓரிகானோ இனங்கள் கலந்து வந்தது. முதலாவது துருக்கி, ஜார்ஜியா பக்கத்தில் பாறை இடுக்குகளில் வளர்வது, இரண்டாவது கிரேக்க மலைகளில். தாய்வீடு எது என்று தெரிந்துகொண்டால் போதும், பராமரிப்பில் பாதி புரிந்துவிடும்: மண் கொஞ்சம், கல் நிறைய, நல்ல வெயில், பெய்த மழை உடனே வடிந்து ஓடிவிடும் சரிவு.

பூ என்று எல்லோரும் நினைப்பது பூவே இல்லை, பூவடிச் செதில்கள். தண்டின் நுனியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காக வந்து ஒரு சின்னக் குஞ்சம் போலத் தொங்கும். முதலில் இளம்பச்சை, அப்புறம் நாளாக ஆக ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு ஏறும். ஒரு செதிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்பெல்லாம் பச்சையாகவும் இடைப்பட்ட இடம் சிவப்பாகவும் தெரியும், விரலால் தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும். உண்மையான பூ அந்த அடுக்குகளுக்கு நடுவிலிருந்து சின்னக் குழாய் போல ஊதா கலந்த சிவப்பில் எட்டிப் பார்த்துவிட்டு உதிர்ந்துவிடும், செதில்கள் வாரக்கணக்கில் நிற்கும். வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் இந்த நிறம் ஏறவே ஏறாது, கடைசி வரை வெளுத்த பச்சையாகவே இருக்கும்.

முதல் செடியை நான் இழந்தது மழைக்காலத்தில். நல்ல சத்தான மண்கலவை, தொழுவுரம், தொட்டிக்கு அடியில் தட்டு என்று ஆசை ஆசையாக வைத்திருந்தேன். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது, தட்டில் தண்ணீர் நின்றதைக் கவனிக்கவில்லை. இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகின, தாகமாக இருக்கிறது போல என்று நினைத்து மேலும் ஊற்றினேன். எடுத்துப் பார்த்தபோது வேர்கள் பழுப்பாகி, பிடித்தால் தோல் உரிந்து வழுக்கிக்கொண்டு வந்தன. ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அது குஞ்சம் விட ஆரம்பித்திருந்த நேரம்.

இப்போது கலவையில் பாதிக்குப் பாதி கரடுமணலும் சிறுகல்லும்தான், மீதி சாதாரணத் தோட்டமண். தட்டை எடுத்துவிட்டேன். மண்ணின் மேல் ஒரு விரல் உயரத்துக்குச் சரளைக் கல் பரப்பியிருக்கிறேன், தண்டு மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதியில் ஈரம் தங்காமல் இருப்பதற்கு இது பெரிய உதவி. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் இலையில் படாமல் அடியில். மழை நாட்களில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுவேன். உரம் போடுவதே இல்லை என்று சொல்லலாம். உரம் கொடுத்தால் தண்டு நீண்டு, செடி நடுவில் பிளந்து படுத்துவிடும், குஞ்சமும் குறையும். குளிரைக்கூட ஓரளவு தாங்கும், குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால்தான் தாங்காது. புழுக்கமும் பிடிக்காது, அதனால் மற்ற செடிகளோடு நெருக்கி வைக்காமல் காற்றோட்டமான இடமாகப் பார்த்து வையுங்கள்.

உயரத்தில் 20 செ.மீ. தாண்டுவது அரிது, பக்கவாட்டில் 30 செ.மீ. வரை பரவும். குஞ்சங்கள் கீழ்நோக்கித் தொங்குவதால் தரையில் நட்டால் அழகு பாதி வீண். சுவர் விளிம்பு, தொங்கும் தொட்டி, கண் மட்டத்தில் ஒரு திண்ணை, இப்படி ஏதாவது இடம் கொடுங்கள்.

கத்தரிப்பதில் அவசரம் வேண்டாம். பூ முடிந்ததும் காய்ந்து நிற்கும் தண்டுகளைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, வசந்தத்தில் அடியில் புதுத் துளிர் தெரிந்த பிறகு வெட்டுகிறேன். அந்தப் பழைய தண்டுகள்தான் குளிரில் அடித்தண்டைக் காக்கின்றன. கொஞ்சம் குஞ்சங்களை மட்டும் நிறம் நன்றாக ஏறியதும் வெட்டித் தலைகீழாகக் கட்டி நிழலில் உலர்த்திவிடுவேன், நிறம் கொஞ்சம் மங்கினாலும் வடிவம் கெடாது.

விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்பார்கள். கலப்பினம் என்பதால் விதையில் அதே செடி வராது. குச்சிதான் வழி. கோடையின் தொடக்கத்தில், பூவெடுக்காத இளந்தண்டாகப் பார்த்து 7 அல்லது 8 செ.மீ. வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த கலவையில் குத்திவைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி சில வருடங்களில் நடுவில் கட்டைதட்டிப் போவதால் வருடா வருடம் இரண்டு மூன்று குச்சி வைத்துவிடுவது நல்லது.

இதெல்லாம் கஷ்டமாகத் தெரிந்தால் ஹெரன்ஹவுசன் என்ற இன்னொரு அலங்கார ஓரிகானோ வகையில் தொடங்குங்கள். குஞ்சம் தொங்காது, நிமிர்ந்து முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கொத்துக் கொத்தாக ஊதாப் பூ விடும், தேனீக்கள் அதை விட்டுப் போகாது, கொஞ்சம் கனமான மண்ணிலும் சமாளிக்கும். கிரீட் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் டிக்டாம்னஸ் என்று ஓர் ஓரிகானோ இனம் இருக்கிறது, இலை முழுக்க வெள்ளைப் பஞ்சு. அதற்கு ஈரமே ஆகாது, அனுபவம் வந்த பிறகு வாங்கலாம்.

இந்த முறை ஆறு குச்சி வைத்ததில் நான்கு பிடித்திருக்கின்றன. ஒன்றைத் தொட்டியில் வைக்காமல், தோட்டத்துச் சுவரில் கல் பெயர்ந்த இடுக்கு ஒன்று இருக்கிறது, அதில் கைப்பிடி மண்ணோடு சொருகியிருக்கிறேன். நேற்று பார்த்தபோது இரண்டு புது இலை விட்டிருந்தது.