பழைய ஸ்கேன் டிஸ்க்கையும் எடுத்துட்டுப் போங்க

ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல வண்டி சறுக்கித் தலையில அடிபட்டு, டாக்டர் சிடி ஸ்கேன் எழுதினா தள்ளிப் போடாதீங்க. ரத்தக்கசிவு இருந்தா சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட்தான் (உடம்புல படுற கதிர்வீச்சை அளக்கிற அலகு); இயற்கையாவே நம்ம மேல வருஷத்துக்கு 2.4 படுது, உலக சராசரி. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 கூட தாண்டாது.

வயித்து சிடி அப்படியில்ல, 8, 10னு போகும். காண்ட்ராஸ்ட் மருந்து (படத்துல உறுப்புகள் தெளிவாத் தெரியக் கொடுக்கிறது) போடாம ஒரு தடவை, போட்டு ஒரு தடவைன்னா கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்தக் கதிர் டிஎன்ஏ இழையை அறுக்கும். செல் அதைத் தப்பா ஒட்டவச்சா, பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். குழந்தைகளுக்கு அது இன்னும் அதிகம். குடல்வால் சந்தேகம்னா அவங்களுக்கு முதல்ல அல்ட்ராசவுண்ட்.

சேலத்துல ஆஸ்பத்திரி மாறும்போது பலரும் ஃபிலிமை மட்டும் சுருட்டிட்டு வர்றாங்க. அதுல பொறுக்கின படங்கள்தான் இருக்கும். முழு டைகாம் ஃபைல், அதாவது ஸ்கேன் படங்கள் மொத்தமும் இருக்கிற கம்ப்யூட்டர் ஃபைல், டிஸ்க்ல இருந்தா பல நேரம் மறு ஸ்கேனே தேவைப்படாது. கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகமா? மேசையில படுக்கிறதுக்கு முன்னாடியே டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க.