மைனஸ் 27-இல் வெளுத்துப்போன பிளக்

கனடாவின் சட்பரியில் இந்த டிசம்பர் முழுக்க குளிர் மைனஸ் 8, மைனஸ் 10 டிகிரி என்றே ஓடியது. பனியில் ஓட்டும் என் பழைய ஸ்னோமொபைலும் சமர்த்தாக ஓடியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சிலிண்டர், ஆளுக்கொன்றாக, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் மிக்குனி விஎம்34 கார்புரேட்டர். இரண்டிலும் முழு த்ராட்டிலில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் 210 (எண் கூடினால் துளை பெரிசு).

ஜனவரியில் மைனஸ் 27-க்கு இறங்கியதும் வினை ஆரம்பித்தது. நேர்ப்பாதையில் த்ராட்டிலை முழுதாக அழுத்தினேன். வேகம் ஏறிக்கொண்டே போய் சட்டென்று மூச்சு வாங்கியது. பயந்து விரலை எடுத்துவிட்டேன்.

காரணம் தெரிந்ததுதான். குளிரில் காற்று அடர்ந்துவிடும். மைனஸ் 8-இல் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.33 கிலோ என்றால், மைனஸ் 27-இல் 1.43. ஜெட்டின் துளை மட்டும் அப்படியே இருக்கிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராவிட்டால் கலவை லீன் ஆகி, அதாவது அதில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும்.

சரி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்ப்போம் என்று முழு த்ராட்டிலில் ஓட்டி, விரலை எடுக்காமலே எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்சை அமுக்கினேன். ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்தால் பிளக்கின் நிறம் பொய் சொல்லும். ஸ்டார்ட்டர் கயிறு இருக்கும் பக்கத்துப் பிளக் வெளிர் பழுப்பு, கிளட்ச் பக்கத்துப் பிளக் சுண்ணாம்பு வெள்ளை, அதாவது லீன். இந்த வித்தியாசத்தை அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டுக்கும் 220 போட்டேன், அப்புறம் 230. மிதவைக் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பெரிய மூடியைக் கழற்றினால் ஜெட் கைக்கு வந்துவிடும் என்பதால் வேலை சுலபம். விரல் மரத்துப்போய், பனியில் விழுந்த ஜெட்டைத் தேடியதுதான் அரைமணி நேரம்.

230-இல் கயிற்றுப் பக்கத்துப் பிளக் பெட்ரோல் அதிகமாகி கரி பிடித்து ஈரமானது, எஞ்சின் கடகடவென்று திணறியது. கிளட்ச் பக்கம் இன்னும் வெளுப்பு. அப்போதுதான் உறைத்தது: இது ஜெட் சமாச்சாரம் மட்டும் இல்லை.

கராஜுக்குள் கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்து, ஐட்லிங்கில் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளித்தேன். கிளட்ச் பக்கம் தெளித்ததும் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்ததும் அது வாயைத் திறந்திருக்கிறது, அந்த வழியாகத் திருட்டுக் காற்று.

புது ரப்பர் இரண்டு போட்டேன். கையோடு கையாக, கார்புரேட்டர்களின் காற்று வழியைத் திறக்கும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் உயர்கின்றனவா என்று ட்ரில் பிட்டின் தண்டை அடியில் நுழைத்துச் சரிபார்த்தேன். ஒன்று கொஞ்சம் பிந்தியது, கேபிளைத் திருத்தினேன். ஐட்லிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுக்கு உள்ளே திருகினேன். விஎம்மில் உள்ளே போனால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் செழிக்கும். நடு த்ராட்டிலின் பெட்ரோலை அளக்கும் ஊசியின் கிளிப்பைத் தொடவில்லை, அங்கே குறை எதுவும் இல்லை.

மெயின் ஜெட் இப்போது இரண்டிலும் 220. நேற்று மைனஸ் 25-இல் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு பிளக்கும் ஒரே பழுப்பு. காலையில் சோக்கை விட்டதும் இரண்டு நிமிடம் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டில் ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கும் என்று சந்தேகம். அடுத்த சனிக்கிழமை வேலை அதுதான்.