சீனப் பெண்களுக்கு ரத்தம் உறையாதாம்!

என் மனைவி மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலிக்க ஆரம்பித்ததும் வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ரத்தக்கட்டி எல்லாம் வெள்ளைக்காரிகளுக்கு வருவது, சீனர்களுக்கு அபூர்வம், தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படுங்கள்” என்று அனுப்பிவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணுக் கோளாறு ஐரோப்பியர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு உண்டு, சீனர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரோட்டீன் எஸ், புரோட்டீன் சி ஆகியவற்றின் குறைபாடு சீனர்களுக்கும் வரும். மரபணுவில் எதுவும் இல்லாவிட்டாலும் கர்ப்பமே ரத்தக்கட்டி அபாயத்தை நாலைந்து மடங்கு கூட்டிவிடுகிறது. பிரிட்டனின் மகப்பேறு டாக்டர்கள் அமைப்பான ராயல் காலேஜ் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. வயது 35-ஐத் தாண்டியதா, உடல் பருமனா, ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) கர்ப்பமா, வாந்தி அதிகமாகி ஆஸ்பத்திரியில் படுத்தாரா என்றெல்லாம் கேட்கும். என்ன இனம் என்று கேட்காது. என் மனைவிக்கு வயது 36, ஐவிஎஃப், ஆரம்பத்தில் ட்ரிப் ஏற்றுமளவுக்கு வாந்தி. பிங்க் புக் என்கிற கர்ப்பிணிப் பதிவேட்டில் அந்த மதிப்பெண் தாள் ஒட்டித்தான் இருந்தது, யாரும் நிரப்பவில்லை.

வீட்டில் தையல் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தோம். இடது கால் மூன்று சென்டிமீட்டர் அதிகம். கர்ப்பத்தில் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும், ஏனென்றால் இடுப்புக்குள் இடப்பக்க ரத்தக்குழாய் தமனிக்கு அடியில் நசுங்குகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

உடனே பெரிய ஆஸ்பத்திரி. கிளினிக்கில் மறுபடி கேட்டு எழுதி வாங்கிய லெட்டர் கையில் இருந்தும் ஸ்கேன் கவுன்டர் கிராணி (குமாஸ்தா) வாங்க மறுத்துவிட்டார். ஸ்பெஷலிஸ்ட் சாப் (முத்திரை) இல்லையாம். சாப் அடிக்கிறவர் மீட்டிங்கில் இருக்கிறாராம், வெள்ளிக்கிழமை மத்தியானமாம், திங்கள் வாருங்களாம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு நாற்காலிகூடக் காட்டவில்லை. வீடு திரும்பினோம். இரவு வலி தொடை வரை ஏறியதும் அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா எந்தச் சாப்பும் கேட்காமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: பலமான சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அறிகுறி போகவில்லை என்றால் சில நாளில் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தக்கட்டியைக் கண்டுபிடிக்க எடுக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம், கர்ப்பத்தில் அது தானாகவே ஏறும்.

டாப்ளர் ஸ்கேனில் கட்டி உறுதியானது. அப்புறம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, தினம் ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபரின் ஊசி. பன்றிக் குடலிலிருந்து எடுப்பது, சம்மதமா என்று மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டார், தலையாட்டினோம். போடுவது என் வேலை. வயிறு விறைப்பாக இருப்பதால் பக்கவாட்டில் தோலைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும், ஊசிக்குள் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியே தள்ளக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. ஒவ்வொரு ஊசி நேரத்தையும் பிங்க் புக்கில் சிவப்பு மையில் எழுதினேன். பிரசவத்தில் மரத்துப்போகப் போடும் முதுகுத்தண்டு ஊசிக்கு முன் சிகிச்சை அளவு ஹெப்பாரின் நிறுத்தி 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பிரசவ அறையில் மயக்க டாக்டர் கேட்டதும் புத்தகத்தை நீட்டினேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

காசு வீணான கதை ஒன்று. கர்ப்பத்திலேயே ஒரு தனியார் லேபில் புரோட்டீன் எஸ் எடுத்தோம், நானூறு மலேசிய வெள்ளிக்கு மேல். குறைவு என்று வந்து வீடே கலங்கிவிட்டது. கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே குறையும், பிரசவமாகி ஆறு வாரமாவது கழித்து எடுத்தால்தான் அர்த்தம் என்று ரத்தநோய் டாக்டர் பிறகு சொன்னார். ஊசி குத்தி ரத்தம் எடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் அபாயம் உச்சம். அந்த நேரத்தில் சீன வீட்டு வழக்கப்படி ஒரு மாதம் படுக்கை, தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது. அத்தோடு கஷாயத்தில் டாங் குவாய் என்ற சீன மூலிகை வேர். ஊசியை நிறுத்தி ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றப் போகிறோம், இந்த வேர் சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும் என்று டாக்டர் தடுத்தார். மாமியாரிடம் நான் சொன்னால் எடுபடுமா? கான்டனீஸ் பேசும் மிஸ்ஸி ஒருவரைப் பிடித்துச் சொல்லவைத்தோம். “இஞ்சியும் கறுப்பு வினிகரும் போட்ட பன்றிக்கால் இருக்கட்டும், வேர் வேண்டாம், நடக்கட்டும்” என்று அவர் பேரம் பேசி முடித்தார். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி, ஹாலில் மணிக்கொரு தடவை மாமியாரே மகளை நடத்திக் கூட்டிப்போனார்.

போன வாரம் கர்ப்பத்தடைக்காக கிளினிக் போனோம். மிஸ்ஸி புத்தகத்தைத் திறக்காமலே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தார். ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. மனைவி பக்கத்தைப் புரட்டிச் சிவப்பு மை எழுத்தைக் காட்டியதும் பட்டையை மறுபடி டிராயரில் போட்டுவிட்டு, “நீங்கள் முதலிலேயே சொல்லக் கூடாதா?” என்று எங்களையே கேட்டார்.