பார்க்கிங் சீலிங் ஒழுகினால் கீழே பூசி ஏமாறாதீர்கள்

வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது, காரின் மேல் வெள்ளைச் சொட்டு விழவில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில், கடல் காற்று நேராக அடிக்கிற இடத்தில், தொண்ணூறுகளில் கட்டின அடுக்குமாடி எங்களுடையது. கீழே அரை பேஸ்மென்ட் பார்க்கிங், அதன் மேல் ஸ்லாபில் இன்னொரு வரிசை வண்டிகள். மேலே தேங்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே நிற்கிற காரில் சொட்டும், காய்ந்தால் பெயின்ட்டோடுதான் வரும். பீம் அடியில் காரை பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரியும் வரை அசோசியேஷனில் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" கதைதான்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பிக்கு பெயின்ட், மேலே பூச்சு, அப்புறம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் என்று சதுர அடிக்கு ஒரு ரேட் சொன்னார். முந்தைய கமிட்டி செய்ததும் இதேதான், அது கொப்பளித்து விழுந்ததைத்தான் நாங்கள் பெருக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் மேலிருந்து வரும்போது கீழே அடைத்தால் அது கான்கிரீட்டுக்குள்ளேயே நிற்கும், கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும்.

பிறகு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, கம்பி டிராயிங் இருக்கிறதா. புரமோட்டர் ஆபீஸையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். கட்டட அனுமதி வரைபட நகலுக்காக அலைந்ததை எழுதினால் தனிப் பதிவாகும். "அந்த வருஷ ஃபைல் கீழ ரூம்ல இருக்கு, சாவி வெச்சிருக்கவர் லீவு" என்று ஒருவர், அடுத்த தடவை போனால் சாவி இருக்கிறது, அவர் இல்லை. கடைசியில் கிடைத்த நகலில் அறை அளவுகள் மட்டும்தான், கம்பியைப் பற்றி ஒரு கோடு கிடையாது! டிராயிங்குக்காக அலையாதீர்கள், கவர் மீட்டர் வைத்தால் கம்பி எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

டெஸ்ட் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. கம்பியில் துரு ஓடுகிறதா என்று மின்னழுத்தத்தை வைத்துப் பார்க்கும் ஹாஃப் செல் டெஸ்ட்டில் அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பாம், எங்கள் பீம்கள் பல அதற்கும் கீழே. சுத்தியால் தட்டி, உள்ளே விட்டுப்போய் டொப்பென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார், பார்க்க நன்றாக இருந்த இடங்களும் அதில் மாட்டின.

வேலை தொடங்கியதும்தான் நிஜமான தலைவலி. ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் பீமில் கை வைக்க விடாதீர்கள். கம்பியின் முன்பக்கம் மட்டும் கொத்திவிட்டு மேஸ்திரி போதும் என்றார். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு கொத்தி, சுற்றிலும் துரு எடுக்க வேண்டும். உப்பு ஏறின பழைய கான்கிரீட்டை விட்டுவைத்தால் ஒட்டுப்போட்ட ஓரத்திலேயே மறுபடி துரு தொடங்கும்.

ஒருநாள் பழைய கான்கிரீட்டில் புது மார்ட்டர் ஒட்டுவதற்கான எஸ்பிஆர் பாலை (செயற்கை ரப்பர் பால்) சிமென்ட்டில் கலந்து அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்து மார்ட்டர் வைக்க ஆரம்பித்தபோது நான் தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசுக்கே இல்லை, பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று காய்ந்திருந்தது. "ஒண்ணியும் ஆவாது சார், புட்ச்சிக்கும்" என்றார் மேஸ்திரி. காய்ந்த பால் ஒட்டாது, நடுவில் தோலாக நின்று பிரித்துவிடும். இன்ஜினியருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், முணுமுணுத்துக்கொண்டே சுரண்டி மறுபடி அடித்தார்கள். அந்த ஒரு பீமுக்காகவே நான் லீவு போட்டது தகும்.

மேல் தளத்தில் பழைய பூச்சை உடைத்து, 100-க்கு 1 வாட்டம் கொடுத்து, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டை (ஸ்லாப் விரிந்து சுருங்க விட்ட இடைவெளி) புதிதாக அடைத்து, தண்ணீர் இறங்காமலிருக்க பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங், அதன் மேல் வண்டி ஓடுவதற்கான கான்கிரீட். கோட்டிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டோம். தளம் எங்கும் ஒழுகவில்லை, மழைநீர்க் குழாய் ஸ்லாபைத் துளைத்து இறங்குகிற இடத்தில் மட்டும் மெதுவாக ஈரம் பரவியது. கோட்டிங் போடுகிறவர்கள் குழாயைச் சுற்றி அவசரமாக முடிப்பார்கள், அங்கே போய் நில்லுங்கள். அதைச் சரிசெய்து மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கான்கிரீட் போட விட்டோம்.

ரேட் பேசும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதி வாங்குங்கள். பில்லில் 10 சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்தி வைத்தோம், கான்ட்ராக்டர் முகம் சுளித்தார்தான். ஆனால் டிசம்பரில் ஒரு மூலையில் கசிவு வந்தபோது மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பினார்.