நிமிடத்துக்கு 8 சொல்: மோர்ஸ் பயிற்சிக் கருவியும் இரண்டு மாதக் குறிப்பும்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுக்க ஆசைப்படுகிற பலர் மோர்ஸ், அதாவது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமான ஒலிகளாக அனுப்பும் முறை, என்றதும் நின்றுவிடுகிறார்கள். "அந்தத் தேர்வை எப்படியும் எடுத்துருவாங்க, அப்புறம் பாத்துக்கலாங்க" என்ற பேச்சு கோவை, திருப்பூர்ப் பக்கம் பழகிப்போன ஒன்று. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. அமெரிக்கா 2007-இல் அதைக் கைவிட்டது. நம் நாட்டின் 1978 அமெச்சூர் வானொலி விதிகளோ அதன் பிறகும் உரிமத்தின் ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் (ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து) என்ற தேர்வை விடவில்லை. தளர்வு வரட்டும் என்று அன்று உட்கார்ந்தவர்களுக்கு ஆண்டுகள் போனதுதான் மிச்சம். 8 சொல் என்பது தினமும் அரை மணி நேரம் கொடுத்தால் இரண்டு மாத வேலை.

காத்திருக்காமல் நுழைய இன்னொரு வாசலும் உண்டு. உரிமத்தின் இன்னொரு நிலையான ரெஸ்ட்ரிக்டட்டுக்கு மோர்ஸ் கிடையாது, எழுத்துத் தேர்வு மட்டும். வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி (வானலையில் நம் பெயர்) கிடைக்கும். ஜெனரல் நிலைக்குரிய வி.யு.2 வேண்டும் என்பவர்களும் இதை முதலில் எழுதிவிட்டு, மோர்ஸைப் பக்கத்திலேயே பழகுவது நல்லது. எழுத்துத் தேர்வில் மின்னணுவியல் ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஓம் விதியை உருப்போட்டுவிட்டு க்யூ குறியீடுகளையும் (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) பேரிடர் அழைப்பு முறையையும் புரட்டிப் பார்க்காமல் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

முதல் வாரம்: ஒலிக் கருவி

இதிலிருந்து ஒலி மட்டும் வரும், ரேடியோ அலை கிளம்பாது. அதனால் உரிமம் இல்லாமலே செய்யலாம். 555 ஐசி (டைமர் சிப்) ஒன்று, 1 கே (1,000 ஓம்) ரெசிஸ்டர் ஒன்று, 10 கே இரண்டு, 100 ஓம் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், 0.01 ஒன்று, 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைடிக் ஒன்று, 8 ஓம் சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஸ்விட்ச்.

8-ஆம் காலுக்கு பாசிட்டிவ், 1-க்கு நெகட்டிவ். பாசிட்டிவிலிருந்து 7-க்கு 1 கே, 7-லிருந்து 6-க்கு 10 கே. 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 0.1. 5-லிருந்து நெகட்டிவுக்கு 0.01. 3-லிருந்து 100 ஓம், 10 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கர், அதன் மறுமுனை நெகட்டிவ். எலக்ட்ரோலைடிக்கின் பாசிட்டிவ் முனை ஐசி பக்கம் இருக்க வேண்டும். கணக்குப்படி 1.44-ஐ 21,000 ஓமாலும் (1 கே-யும் 10 கே-யின் இரு மடங்கும்) 0.1 மைக்ரோஃபாரடாலும் வகுத்தால் சுமார் 686 ஹெர்ட்ஸ் வரும். காதுக்கு இதமான சுருதி.

சாவியை, அதாவது அழுத்தும்போது மட்டும் மின்சுற்றை இணைக்கும் மோர்ஸ் கீயை, 4-ஆம் காலுக்கும் பாசிட்டிவுக்கும் நடுவே வைத்து, 4-லிருந்து நெகட்டிவுக்கு மீதமுள்ள 10 கே-யைப் போட வேண்டும். அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் சாவியை எடுத்த பிறகும் ஒலி நிற்காமல் ஒட்டிக்கொள்ளும், கை பக்கத்தில் வந்தாலே பீப் அடிக்கும். சாவியை பேட்டரி வரியிலேயே வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் ஐசி பக்கத்தில் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் இருந்தால் சாவியை விட்டபின் ஒலி இழுபடும், புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டும். 4-ஆம் கால் முறையில் ஐசி எப்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச் அதற்காகத்தான். காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம் வந்தால் 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டருக்குப் பதில் 103 ஏறிவிட்டது என்று அர்த்தம். சுருதி பத்து மடங்கு உயர்ந்துவிடும்.

இரண்டாம் வாரம்: சாவி

ஹேக்ஸா பிளேடின் ஓட்டையுள்ள முனையிலிருந்து 15 செ.மீ. போதும். நடுவில் துளை போடப் பார்த்தால் டிரில் பிட்தான் மழுங்கும். துளை விழும் இடத்தை கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் நனைக்காமல் மெல்ல ஆறவிட்டால் இளகிவிடும். ஓட்டையுள்ள முனைப் பக்கம் காய்ச்ச வேண்டாம், ஸ்பிரிங் தன்மை போய்விடும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, தொடும் இடத்தில் பித்தளை ஸ்க்ரூ ஒன்று மேலே, ஒன்று கீழே. இடைவெளி அரை மில்லிமீட்டர்.

பலகையில் மட்டும் பொருத்தினால் அடிக்க அடிக்க மேசையில் நகரும். கணபதி, பீளமேடு மாதிரி லேத் பட்டறை நிறைந்த இடங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை: 15-க்கு 10 செ.மீ., 10 மி.மீ. கனமுள்ள இரும்பு வெட்டுத் துண்டு ஒன்று சுமார் 1.2 கிலோ வரும். பலகைக்கு அடியில் அதை முடுக்கினால் அசையாது.

மூன்று முதல் ஆறாம் வாரம்: கேட்டல்

புள்ளி, கோடு அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்வது மிகப் பெரிய தவறு. அப்படிப் பழகிய மூளை ஒவ்வொரு எழுத்தையும் எண்ணிப் பார்த்துத்தான் எழுதும், ஐந்து சொல் வேகத்திலேயே திணறும். எழுத்தை 15 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை நீட்டி மொத்த வேகத்தை 8-க்கு இறக்க வேண்டும். அப்போது ஒரு புள்ளி 80 மில்லி நொடிதான். எண்ண நேரமிருக்காது, டா-டி-டா (கோடு 'டா', புள்ளி 'டி') என்ற மெட்டே 'கே' ஆகிவிடும். கே, எம் இரண்டில் தொடங்கி, பத்தில் ஒன்பது சரியானதும் அடுத்த எழுத்து. காலையில் 15 நிமிடம், பொழுதோட 15 நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது மனதில் நிற்கும்.

பன்னிரண்டு, பதினைந்து எழுத்தில் ஒரு தேக்கம் வரும். எஸ்-ஸும் எச்-சும், வி-யும் 4-ம் குழம்பும். குழம்பும் ஜோடியை மட்டும் கலந்து இரண்டு நாள் கேட்டால் பிரியும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்க வேண்டியிருந்தால் முதல் மாதம் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளலாம், பிறகு கழற்றிவிடலாம். வானலையில் இரைச்சல் இல்லாத நாளே கிடையாது.

ஏழு, எட்டாம் வாரம்: அனுப்புதல்

அனுப்புவதில் 8 சொல் வேகத்துக்குப் புள்ளி 150 மில்லி நொடி, கோடு 450, எழுத்து இடைவெளியும் 450, சொல் இடைவெளி 1050. விரலால் தட்டினால் இரண்டாம் நிமிடத்தில் கை இறுகும், மணிக்கட்டு அசைய வேண்டும். போனில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலை வடிவத்தைப் பார்த்தால் குறை கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் கோடு சரியாக இருக்கும், எழுத்து இடைவெளிதான் சுருங்கியிருக்கும்.

கடைசி வாரம் தினமும் ஐந்து நிமிட ஒத்திகை: 40 சொல், 200 எழுத்து, எழுத்துக்கு ஒன்றரை நொடி. விட்டுப்போன எழுத்துக்கு ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். நின்று யோசித்தால் அந்த ஒன்றோடு பின்னால் வரும் மூன்றும் போகும்.