எழிமலைக்குப் போக நினைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தெரிந்திருக்கும். வெட்டவெளியில் வானத்தைத் தொட்டுக்கொண்டு கோபுரங்கள் நிற்கும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற கடற்படை நிலையம் அது, 1990-இல் தொடங்கியது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது, "உள்ளே இருக்கிற ஆபீசருங்க எல்லாம் எங்கப்பா படிச்சிருப்பாங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பள்ளியில் கேட்டேன், அங்கேயும் தெரியவில்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து எழிமலையில் இந்தியக் கடற்படை அகாடமி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

+2 முடித்ததும் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இருமுறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். இதில் கடற்படைக்குத் தேர்வானவர்கள் புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு, கடைசி வருடத்துக்கு எழிமலை வருவார்கள். இன்னொன்று 10+2 பி.டெக். கேடட் (பயிற்சி மாணவர்) நுழைவு. இதில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினின் தரவரிசையை வைத்து, எஸ்.எஸ்.பி. என்கிற ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதமும், பத்தாம் வகுப்பிலோ +2-விலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும், ஜே.இ.இ. மெயினைத் தமிழிலும் எழுதலாம். இரண்டு வழியிலும் இப்போது பெண் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த வருட அறிவிக்கையை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நான் முதலில் என்.டி.ஏ. எழுதித் தேறினேன். எஸ்.எஸ்.பி.க்கு பெங்களூரு போனேன். ஐந்து நாள் தேர்வில் முதல் நாளே தேறாமல் திரும்பி வந்துவிட்டேன். ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். அப்புறம் குழுவாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லி, எல்லோருமாகப் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். என் கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு சூடு பிடித்ததும் நான் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்ற பயம். பெரியவர்கள் முன்னால் வாயைப் பொத்தி நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்த பழக்கம் வேறு. என் பக்கத்தில் இருந்த பையனின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆனால் மனதில் பட்டதைத் தெளிவாகச் சொன்னான், அடுத்தவன் சொன்னதையும் கேட்டான். அவன் அடுத்த கட்டத்துக்குப் போனான்.

ஊருக்கு வந்து நானும் மூன்று நண்பர்களும் தினமும் சாயங்காலம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, செய்தித்தாளில் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினோம். தப்புத் தப்பாகத்தான் பேசினோம். நாலு மாதம் கழித்து பி.டெக். நுழைவுக்கு அழைப்பு வந்தபோது, அதே முதல் நாள் தேர்வில் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணத்தைவிட அந்தக் கரைதான் எனக்கு உதவியது.

எழிமலை அழகான இடம். சங்கப் பாடல்களில் வரும் நன்னனின் ஏழில் குன்றம் இதுதான். பய்யன்னூரில் ரயில் இறங்கிப் போக வேண்டும். ஆனால் முதல் டெர்மில், அதாவது முதல் அரையாண்டில், அழகைப் பார்க்க நேரம் இருக்காது. விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, அணிவகுப்புப் பயிற்சி, அப்புறம் முழு நாள் பொறியியல் வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் படிப்பு. வகுப்பில் கண் சொக்கும். பட்டம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தருவது, அதனால் பாடத்தில் சலுகை கிடையாது. படிப்புச் செலவு முழுக்கக் கடற்படையுடையது. வீட்டில் கடன் வாங்க வேண்டியதில்லை.

நீச்சலில் எனக்குக் கவலையே இல்லை என்று நினைத்திருந்தேன். குறுக்குத்துறையில் தாமிரபரணியைக் குறுக்கே நீந்தியவன் ஆயிற்றே. ஆனால் ஆற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு அடிக்கிற நீச்சல் குளத்தில் செல்லாது. தண்ணீருக்குள் முகம் வைத்து, மூச்சைச் சீராக விட்டு, நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் சோதனையில் தேறவில்லை. உயரமான பலகையிலிருந்து குதிக்கவும் கால் நடுங்கியது. அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். மின்னணுவியல் பாடம் புரியாததையும் மறைத்தேன். டெர்ம் பாதியில், எங்களைக் கவனித்துக்கொள்ளும் டிவிஷனல் ஆபீசர் கூப்பிட்டு, "கஷ்டம் இருந்தால் ஏன் சொல்லவில்லை? கப்பலில் ஓட்டையைப் பார்த்தவன் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். அன்று இரவே என் ஸ்குவாட்ரனில் (கேடட் பிரிவில்) இருந்த சீனியர் ஒருவர் பாடம் சொல்லித்தர ஆரம்பித்தார். விடுமுறை நாட்களில் நீச்சல் குளத்துக்குத் தனியாகக் கூட்டிப்போனார்கள். ஒரு டெர்ம் பின்தங்கி மறுபடி படிக்க வேண்டிய நிலையிலிருந்து அப்படித்தான் தப்பித்தேன். கேட்காமல் இருந்ததால் பின்தங்கிய நல்ல பையன்களை எனக்குத் தெரியும். இன்னும் மனது வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ வேறு நல்ல கண் மருத்துவரிடமோ போய், நிறங்களைப் பிரித்தறியும் பார்வையைச் சோதித்துவிடுங்கள். வாய்க்கால் கரையில் என்னோடு பேசிப் பழகிய மூவரில் ஒருவன் எஸ்.எஸ்.பி. ஐந்து நாளும் தேறி, மருத்துவச் சோதனையில் இந்த ஒன்றால் திரும்பி வந்தான். சிவப்பும் பச்சையும் தனக்குச் சரியாகப் பிரியவில்லை என்பது அதுவரை அவனுக்கே தெரியாது.